சர்க்கரையே இல்லாத எனக்கு ஏன் சர்க்கரை மாத்திரை? (பிசிஓஎஸ், குழந்தைப்பேறு)

அந்திமல்லி:

எனக்கு 29 வயது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. பீரியட்ஸ் 45 நாளுக்கு ஒருமுறை வரும், ஒரு தடவை 70 நாள் இழுத்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு 'இரண்டு பக்கச் சினைப்பையிலும் நீர்க்கட்டி, பிசிஓஎஸ்' என்றார்கள். அது பரவாயில்லை, பாதி எதிர்பார்த்ததுதான். ஆனால் சீட்டில் மெட்ஃபார்மின் என்று எழுதியிருந்தது. மருந்துக்கடையில் நீட்டியதும், 'வீட்ல யாருக்கு சுகர்?' என்று கேட்டார் கடைக்காரர். எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. மாமனாருக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 88. மூன்று மாதச் சராசரி 5.3. இரண்டுமே நார்மல் என்று ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கிறது. டாக்டரிடம் கேட்டேன். 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் இருக்கும்மா, இதைப் போட்டால் முட்டை வரும்' என்றார். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சர்க்கரை மாத்திரைக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? இல்லாத சர்க்கரைக்கு மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வராதா? இதைப் போட்டு உண்மையிலேயே யாருக்காவது குழந்தை பிறந்திருக்கிறதா? அட்டையை இன்னும் பிரிக்கவில்லை.

இரவுப்பணி:

குழந்தைப்பேறு சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸ். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

உங்கள் சர்க்கரை நார்மல்தான். ஆனால் அதை நார்மலாக வைத்திருக்க உங்கள் கணையம் எவ்வளவு இன்சுலினைக் கொட்டுகிறது என்பது அந்த ரிப்போர்ட்டில் இல்லை. காது மந்தமான தாத்தாவிடம் பேசும்போது குரலை உயர்த்துகிறோம் இல்லையா? தசைக்கும் கொழுப்புக்கும் இன்சுலின் சொல்வது சரியாகக் கேட்பதில்லை (டாக்டர் சொன்ன இன்சுலின் ரெசிஸ்டன்ஸ், இன்சுலின் எதிர்ப்பு இதுதான்), அதனால் கணையம் கத்துகிறது. கத்தினால் தாத்தாவுக்குக் கேட்டுவிடுகிறது, சர்க்கரையும் நார்மலாகிவிடுகிறது. ஆனால் அதே கூடத்தில் காது நன்றாகக் கேட்கிற இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் சினைப்பை. அவ்வளவு சத்தமும் அவர் காதில் போய் விழுகிறது.

விழுந்தால் என்ன ஆகும்? முட்டைப்பையைச் சுற்றி தீக்கா செல்கள் என்று இருக்கின்றன. மூளையடியிலிருந்து வரும் எல்ஹெச் ஹார்மோனோடு இன்சுலினும் சேர்ந்து தூண்டினால் இவை ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். இன்னொரு பக்கம், ஆண் ஹார்மோனைக் கட்டி வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் செய்கிறது. இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறையும். ஆக உற்பத்தி அதிகம், கட்டிப் போட ஆளும் குறைவு. இந்தச் சூழலில் நிறைய முட்டைப்பைகள் ஒன்றாகக் கிளம்பும், ஆனால் எதுவும் முழுதாக வளர்ந்து வெடிக்காது. பாதியில் நின்றுபோன அந்தச் சின்னப் பைகளைத்தான் ஸ்கேனில் பார்த்து நீர்க்கட்டி என்கிறார்கள். உண்மையில் அவை கட்டியே இல்லை. அந்தப் பெயரை வைத்தவர்மேல் எனக்கு நிரந்தரக் கோபம் உண்டு. எத்தனை பேர் 'ஆபரேஷன் செய்து எடுத்துவிடுங்கள்' என்று அழுதுகொண்டு வருகிறார்கள் தெரியுமா.

மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கிறது. அப்போது கணையம் அவ்வளவு கத்த வேண்டியதில்லை. இதுதான் சம்பந்தம். மயக்கம் பற்றிக் கேட்டீர்கள். இந்த மாத்திரை இன்சுலினைப் புதிதாகச் சுரக்க வைப்பதில்லை. அதனால் இதை மட்டும் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவது அபூர்வம்.

பழையதலை:

சகோதரி கேட்காத ஒரு கதை, ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் படிக்கலாம். இந்த நோயை 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவன்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களை வைத்து விவரித்தார்கள். அப்போது மருந்து கிடையாது. சினைப்பையில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள், அதற்குப் பிறகு பீரியட்ஸ் ஒழுங்காக வந்தது. கருவும் தங்கியது, சிலருக்கு.

மெட்ஃபார்மின் இதைவிடப் பழையது. கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் இருக்கும் ஒரு பொருளின் வழியில் வந்தது. 1922இல் டப்ளினில் ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள், யாரும் சீண்டவில்லை. 1957இல் பிரான்ஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர்தான் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1994 ஆகிவிட்டது.

வெண்பா:

அந்திமல்லி, தைரியமாக ஆரம்பியுங்கள். எனக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான் கொடுத்தார்கள். நான்காவது மாதம் கரு தங்கியது. பையனுக்கு இப்போது ஆறு வயது. இந்த மாத்திரைக்கு நான் கோயில் கட்டுவேன்.

கணக்குப்பிள்ளை:

வெண்பா அக்கா, உங்கள் பையன் நூறாண்டு வாழட்டும். ஆனால் கோயில் கட்டும் முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். என் மனைவிக்கும் இதே பிரச்சினை இருந்ததால் இரண்டு வருடம் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். தொழிலும் புள்ளிவிவரம்தான்.

முதலில் 1994இல் வெனிசுவேலாவில் 26 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலினும் ஆண் ஹார்மோனும் இறங்கின, எதிர்பாராமல் மூன்று பேர் கர்ப்பமானார்கள். அங்கே பிறந்தது ஆசை. 1998இல் நெஸ்ட்லர் குழுவின் ஆய்வு. உடல் பருமன் உள்ள 61 பெண்கள். மெட்ஃபார்மின் போட்டவர்களில் 34 சதவீதத்தினருக்குத் தானாக முட்டை வெளிவந்தது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களில் 4 சதவீதம். தானாக வராதவர்களுக்கு முட்டை வர வைக்கும் குளோமிஃபின் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தபோது மெட்ஃபார்மின் பிரிவில் 90 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 8. இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது? அதன் பிறகு பல வருடம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதித் தள்ளினார்கள்.

ஆனால் அங்கே எண்ணியது முட்டையை, குழந்தையை அல்ல. குழந்தையை எண்ணிய பெரிய ஆய்வு 2007இல் வந்தது. 626 பெண்கள், மூன்று பிரிவு, ஆறு மாதம். உயிரோடு குழந்தை பெற்றவர்கள்: குளோமிஃபின் மட்டும் போட்டவர்களில் 22.5 சதவீதம். மெட்ஃபார்மின் மட்டும் போட்டவர்களில் 7.2. இரண்டும் சேர்த்துப் போட்டவர்களில் 26.8. அந்த 22.5க்கும் 26.8க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே முடிவு. 2006இல் நெதர்லாந்தில் 228 பேரிடம் நடந்த ஆய்விலும் குளோமிஃபினோடு இதைச் சேர்த்ததால் முட்டை வருவது கூடவில்லை.

சரி, 'முட்டை வரும்' என்று டாக்டர் சொன்னது பொய்யில்லை. முட்டை வந்தால் குழந்தை வந்துவிடும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோமே, அங்கேதான் இடறுகிறது.

வெண்பா:

அப்படியானால் என் பையன் எங்கிருந்து வந்தான் தம்பி?

கணக்குப்பிள்ளை:

7.2 என்றால் பூஜ்யம் இல்லையே அக்கா. நூறு பேரில் ஏழு பேர் உண்டு, நீங்கள் அந்த ஏழில் ஒருவர். ஆனால் எதுவுமே போடாமல் இருந்திருந்தால் எத்தனை பேருக்குப் பிறந்திருக்கும் என்பதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை, வெற்று மாத்திரை மட்டும் போட்ட பிரிவே அதில் கிடையாது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு எப்போதாவது தானாகவும் முட்டை வரும். உங்களுக்கு வந்தது மாத்திரையாலா, தானாகவா என்று உங்கள் ஒருவர் கதையை வைத்துச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது, உங்கள் டாக்டராலும் முடியாது.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். 2012இல் பின்லாந்து ஆய்வு, 320 பெண்கள். முதல் மூன்று மாதம் மெட்ஃபார்மின், அப்புறம் அதை நிறுத்தாமலே தேவைப்பட்டவர்களுக்கு மற்ற சிகிச்சை. குழந்தை பெற்றவர்கள் 41.9 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 28.8. பருமன் உள்ளவர்களுக்குப் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தனியாக ஓட விட்டால் பின்தங்குகிற மருந்து, துணைக்கு ஓடும்போது உதவுகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வெண்பா:

சரி. கோயில் வேண்டாம், ஒரு விளக்காவது ஏற்றிக்கொள்கிறேன்.

ஊமைக்குயில்:

எண்களை விடுங்கள், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். டப்பாவைத் திறந்ததும் கருவாட்டு வாடை. மருந்து கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த மாத்திரையின் வாசனையே அதுதானாம். முதல் நாளே இரண்டு வேளை 500, 500 என்று போட ஆரம்பித்தேன். நான்காம் நாள் அலுவலகக் கூட்டத்தில் என் முறை வருவதற்குள் மூன்று முறை கழிப்பறைக்குப் போய் வந்தேன். வாயில் எப்போதும் ஓர் இரும்புச் சுவை, நாணயத்தை நக்கிக்கொண்டே இருப்பது போல. இரண்டாவது வாரம் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து வேறு டாக்டர். அவர் மெதுவாகக் கரையும் வகையை எழுதினார். ராத்திரி சாப்பாட்டோடு ஒன்று, இரண்டு வாரம் கழித்து இரண்டு, அதற்கப்புறம்தான் மூன்று. இந்தத் தடவை வயிறு சும்மா இருந்தது. ஒரு நாள் காலையில் மலத்தில் மாத்திரை அப்படியே முழுசாகக் கிடந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது (ஆமாம், குச்சியால் தொட்டுப் பார்த்தேன், சிரிக்காதீர்கள்). மருந்து உள்ளே கரைந்து போய் வெறும் கூடு மட்டும் வெளியே வருமாம். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

இரவுப்பணி:

ஊமைக்குயில் சொன்ன கூட்டைப் பற்றி எங்களுக்கு மாதம் இரண்டு போனாவது வரும். பயமில்லை.

மெட்ஃபார்மினைப் பாதியில் விடுகிறவர்களில் அதிகம் பேர் இப்படி வேகமாக ஆரம்பித்தவர்கள்தான். சாப்பாட்டுக்கு முன் வெறும் வயிற்றில் போடக் கூடாது. 500இல் ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு படி ஏறுவதுதான் வழக்கம். பெரும்பாலும் 1500க்கும் 2000க்கும் நடுவில் நிற்பார்கள். வருடக் கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம். விரல் நுனியில் மரமரப்பு, அசதி என்றால் அதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சாம்பல்பறவை:

என் அத்தை சொன்னார், இந்த மாத்திரை கிட்னியைக் காலி செய்துவிடுமாம். 29 வயதில் ஆரம்பித்தால் 40இல் டயாலிசிஸ் என்கிறார். உண்மையா?

இரவுப்பணி:

இல்லை. இந்த வதந்திக்கு மட்டும் சாவே இல்லை. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன சிறுநீரகத்தால் மெட்ஃபார்மினை வெளியேற்ற முடியாது, அது உடம்பில் தேங்கினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும், அது ஆபத்து. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இதை நிறுத்துவார்கள். ஊரார் அதைப் பார்த்துவிட்டு, 'மாத்திரை போட்டான், கிட்னி போச்சு' என்று திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

பழைய பயமும் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதே குடும்பத்தில் ஃபென்ஃபார்மின் என்று ஒரு மருந்து இருந்தது. அந்த லாக்டிக் அமிலத்தால் உயிர்கள் போனதால் 1970களில் பல நாடுகளில் அதை நிறுத்தினார்கள். அண்ணன் செய்த தப்புக்குத் தம்பி பல வருடம் பேச்சு வாங்கினார். இருந்தாலும் ஆரம்பிக்கும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையை ஒரு தடவை பார்ப்பது நல்லது. ஸ்கேனுக்காக நரம்பில் சாய மருந்து ஏற்றுவதாக இருந்தால், மெட்ஃபார்மின் போடுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கடுமையான வாந்தி பேதி வந்து உடம்பு வற்றிப்போனாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

நடைராஜா:

இவ்வளவு பேச்சு எதற்கு? எடையைக் குறைத்தால் எல்லாம் தானாகச் சரியாகும். மாத்திரை எல்லாம் சோம்பேறித்தனம்.

அந்திமல்லி:

என் எடை 51 கிலோ சார். எதைக் குறைப்பது?

ஊமைக்குயில்:

அப்படிப் போடுங்கள்.

இரவுப்பணி:

நடைராஜா அவர்களே, பாதி சரி. பருமன் உள்ளவர்களுக்கு எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு முட்டை வர ஆரம்பிக்கும், அது உண்மை. ஆனால் ஒல்லியாக இருந்துகொண்டே பிசிஓஎஸ் உள்ளவர்களும் ஏராளம். அவர்களில் சிலருக்கும் இன்சுலின் எதிர்ப்பு இருக்கும், எடைக்கு அப்பாற்பட்டு. சோம்பேறித்தனம் என்ற சொல்லை எங்கள் பிரிவில் சொல்லிப் பாருங்கள், வெளியே போக வழி கிடைக்காது.

மெட்ஃபார்மினால் எடை மளமளவென்று இறங்கும் என்று நம்பி வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இறங்காது. கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

சாம்பல்பறவை:

அப்போது அந்த வாராந்திர ஊசி? செமாக்ளுடைட். அதுவும் சர்க்கரை மருந்துதானே. என் தோழி அதைப் போட்டுப் பதினான்கு கிலோ குறைந்து, பீரியட்ஸும் ஒழுங்காகிவிட்டது. குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டே போடலாமா?

இரவுப்பணி:

கூடாது. இதை மட்டும் தடித்த எழுத்தில் போட முடிந்தால் போட்டிருப்பேன். எடை குறைவதால் முட்டை திரும்ப வருவது உண்மைதான், அதனால்தான் எதிர்பாராமல் கர்ப்பமாகிறார்கள். கருவுக்கு இந்த ஊசி பாதுகாப்பானது என்று சொல்லப் போதுமான ஆதாரம் கிடையாது. செமாக்ளுடைட் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஊசி போடும் காலத்தில் கருத்தடை அவசியம். டிர்செபடைட் என்ற இதே மாதிரி ஊசி போடுகிறவர்களுக்கு இன்னொரு வம்பு, அது கருத்தடை மாத்திரை உடம்பில் சேர்வதையே குறைக்கும். ஊசியை ஆரம்பித்த பிறகும், அளவை ஏற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரத்துக்கு ஆணுறை போன்ற வேறு வழி வேண்டும்.

பழையதலை:

மற்ற சர்க்கரை மாத்திரைகளும் வரிசையில் நின்று பார்த்தவைதான். டிரோக்ளிடசோன் என்று ஒன்று. பிசிஓஎஸ் பெண்களுக்குக் கொடுத்தபோது அளவு கூடக் கூட முட்டையும் கூடியது. எல்லோரும் கைதட்டினார்கள். கல்லீரலைக் கெடுக்கிறது என்று 2000இல் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதே வகையில் வந்த பயோக்ளிடசோன் எடையைக் கூட்டும். சும்மாவே எடையோடு போராடுகிறவர்களுக்கு அது எதற்கு?

கணக்குப்பிள்ளை:

அந்திமல்லி சகோதரிக்கு ஒரு கேள்வி. இத்தனை பேர் எழுதியும் யாரும் கேட்கவில்லை. உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தார்களா?

அந்திமல்லி:

இல்லை. யாரும் சொல்லவில்லை. எனக்குத்தானே பிசிஓஎஸ்?

கணக்குப்பிள்ளை:

இதைத்தான் எதிர்பார்த்தேன். என் மனைவிக்குப் பதினான்கு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் எனக்குப் பரிசோதனை எழுதியபோது, விந்தணு எண்ணிக்கை இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இருந்தது. பதினான்கு மாதம் அவள் வயிற்றுப்போக்கோடு அலைந்தது எதற்காக என்று யோசித்தால் இன்னும் கூசுகிறது. ஒருவருக்கு ஒரு குறை தெரிந்துவிட்டால் மற்றவரைப் பார்க்காமல் விடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு டப்பா, ஒரு மணி நேரம், முடிந்தது விஷயம். முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று உங்களுக்குப் பார்க்க வேண்டியது எப்போது என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

இரவுப்பணி:

தம்பி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

அந்திமல்லி, இன்னொன்று. கடையில் விற்கும் முட்டை வெளியாகும் நாள் காட்டும் கிட் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அது எல்ஹெச் ஏறுவதைப் பார்க்கிறது. பிசிஓஎஸ் உள்ள பலருக்கு எல்ஹெச் எப்போதும் ஏறித்தான் இருக்கும், கிட் பத்து நாளும் பாசிட்டிவ் காட்டும். முட்டை வந்த பிறகு ஏறும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை 21ஆம் நாள் பார்ப்பதும் 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கான கணக்கு. உங்களுக்கு 40 நாள் என்றால் 33ஆம் நாள் பார்க்க வேண்டும், அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னால். 21இல் பார்த்துவிட்டு 'முட்டையே வரவில்லை' என்று அழுதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

லெட்ரோசோல் பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து, பெயரைத் தேடிப் பார்த்துப் பதறாதீர்கள். முட்டை வர வைக்க ஐந்து நாள்தான் போடுவார்கள்.

கணக்குப்பிள்ளை:

அதன் எண் என்னிடம் இருக்கிறது. 2014, 750 பெண்கள், ஐந்து சுழற்சி வரை. லெட்ரோசோல் போட்டவர்களில் குழந்தை பெற்றவர்கள் 27.5 சதவீதம், குளோமிஃபினில் 19.1. 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டியும் முட்டை வர வைக்க முதல் மருந்தாக லெட்ரோசோலைத்தான் சொல்கிறது. மெட்ஃபார்மினைத் தனியாகவும் கொடுக்கலாம், ஆனால் இதைவிடப் பலன் தரும் மருந்துகள் இருக்கின்றன என்று பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்கிறது. சொல்லிவிட்டு என்பதைக் கவனியுங்கள். 'அடுத்தவர் வாங்க' என்று கூப்பிடுவதற்கு முன்னால்.

வெண்பா:

ஒரு சந்தேகம். கரு தங்கியதும் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா? எனக்கு மூன்றாம் மாதம் வரை போடச் சொன்னார்கள். என் நாத்தனாருக்கு அன்றே நிறுத்தச் சொன்னார்கள்.

இரவுப்பணி:

டாக்டருக்கு டாக்டர் மாறும், அதற்குக் காரணமும் இருக்கிறது. மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். அதனால் பிறவிக் குறை வருவதாகத் தெரியவில்லை, கர்ப்பகாலச் சர்க்கரைக்கே பல இடங்களில் இதைக் கொடுக்கிறார்கள். ஆனால் பிசிஓஎஸ் பெண்கள் கர்ப்பம் முழுக்கப் போட்டால் நன்மை உண்டா என்பதுதான் கேள்வி. நார்வே, ஸ்வீடன், ஐஸ்லாந்தில் 487 பெண்களிடம் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். தாமதமான கருச்சிதைவும் குறைப்பிரசவமும் சேர்த்து மெட்ஃபார்மின் பிரிவில் 5 சதவீதம், மற்றதில் 10. அந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, அதே குழுவின் முந்தைய ஆய்வுகளோடு சேர்த்தபோதுதான் வித்தியாசம் தெளிந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை வருவதை மட்டும் அது தடுக்கவே இல்லை. இப்படிப் பிறந்த பிள்ளைகள் பின்னால் சற்று அதிக எடையோடு வளர்வதாகவும் தெரியவந்திருக்கிறது. அதனால் இதில் ஒரே பதில் கிடையாது. டெஸ்ட் பாசிட்டிவ் வந்த அன்று நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் செய்யாதீர்கள். போன் போடுங்கள்.

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. மருந்தளவை இங்கே கேட்டு மாற்ற வேண்டாம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். நடைராஜாவின் கடைசி இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

அந்திமல்லி:

மூன்றரை மாதம் கழித்து வருகிறேன். யாராவது இன்னும் இருக்கிறீர்களா?

அட்டையைப் பிரித்த அன்றே கருவாட்டு வாடை, ஊமைக்குயிலை நினைத்துச் சிரித்தேன். மெதுவாக ஏறி இப்போது 1500. முதல் வாரம் கொஞ்சம் வயிறு கலங்கியது, அப்புறம் ஒன்றுமில்லை. கணவரிடம் பரிசோதனை என்று சொன்னபோது இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். ரிசல்ட் நார்மல்.

பீரியட்ஸ் 41, 36, 34 என்று வந்தது. இந்தத் தடவை 27ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் பார்க்கச் சொன்னேன். லேப் பெண், '21தானே எழுதுவாங்க' என்றாள். இல்லை, 27 என்றேன். 9.8 வந்தது. முட்டை வந்திருக்கிறது என்றார் டாக்டர். கர்ப்பம் இல்லை. அன்று ராத்திரி கொஞ்சம் அழுதேன், ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றவில்லை. கணக்குப்பிள்ளை முன்பே எண்ணிக் காட்டிவிட்டாரே.

இந்த முறை உள்ளே போகும்போது கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போனேன். டாக்டர் உட்கார வைத்துப் பதில் சொன்னார். அடுத்த சுழற்சியில் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் லெட்ரோசோல், மெட்ஃபார்மினும் கூடவே.

கணக்குப்பிள்ளை:

3க்கு மேல் போனாலே முட்டை வந்ததாக எடுத்துக்கொள்வார்கள், 9.8 சந்தேகமே இல்லை. 70 நாள் இழுத்த உடம்பு 34க்கு வந்திருக்கிறது. நல்ல செய்தி சகோதரி.

ஊமைக்குயில்:

கடைக்காரர் என்ன சொல்கிறார்?

அந்திமல்லி:

போன வாரம், 'மாமாவுக்கு சுகர் எப்படி இருக்கு?' என்று கேட்டார். எனக்குத்தான் அண்ணா, என்றேன். அப்படியா என்று ஒரு பட்டியைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

புதியவள்7:

வணக்கம், இப்போதுதான் சேர்ந்தேன். முழு இழையும் படித்தேன். எனக்கும் நேற்று கொடுத்தார்கள், அட்டையில் எக்ஸ்ஆர் 500 என்று இருக்கிறது. மாத்திரை பெரிதாக இருக்கிறது, தொண்டையில் சிக்குகிறது. இரண்டாக உடைத்துப் போடலாமா?

இரவுப்பணி:

உடைக்காதீர்கள். எக்ஸ்ஆர் என்றால் மெதுவாகக் கரையும் வகை. உடைத்தால் மெதுவாகக் கரையாது, மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு நடுவில். அப்படியும் சிக்கினால் வேறு வடிவம் கேளுங்கள், கரைசலாகவும் வருகிறது.